நோட்டில் எழுதிய பொய்க்கணக்கு

மக்களே, வழக்கமான மொக்கைக்கு இந்த வாரம் லீவு. கொஞ்சம் கோபமா இருக்கேன். கோபத்தில் எழுதினா எழுத்துப்பிழை வரும், பொறுத்துக்கங்க.

என் அக்கா பொண்ணுக்கு இப்போ பதினஞ்சு வயசு. பதினொரு வயசில் டைப் 1 சர்க்கரை வந்தது. ஒரு நாளைக்கு நாலு ஊசி. விரலைக் குத்தி நாலஞ்சு தடவை டெஸ்ட். வந்த நம்பரைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கணும். அந்த நோட்டைப் பார்த்தா எங்க வீட்டில் எல்லாருக்கும் பெருமை. 118, 132, 126, 140... என்ன ஒழுக்கம், என்ன பொறுப்பு!

போன மாசம் செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். மூணு மாச சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ரிசல்ட் வந்தது. 11.2. நோட்டு சொல்ற கணக்குப்படி 6 சொச்சம்தான் வரணும். டாக்டர் நோட்டைப் பார்த்தார், ரிசல்ட்டைப் பார்த்தார், புள்ளையைப் பார்த்தார். அப்புறம், அடுத்த பேஷண்ட் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்போதே, "உனக்குக் கண்ணு போகணுமா, கிட்னி போகணுமா?" என்று கேட்டார். அக்கா அங்கேயே அழ ஆரம்பிச்சுட்டா. புள்ளை அழவே இல்லை. தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா.

சாயங்காலம் மொட்டை மாடியில் வச்சு மெதுவாகக் கேட்டேன், ஏன்மா பொய்யா எழுதுனேன்னு.

"280ன்னு எழுதுனா அம்மா என்னத்தைத் திருடித் தின்னேன்னு கேப்பாங்க மாமா. நான் ஒண்ணும் திங்கலைன்னா நம்ப மாட்டாங்க. 130ன்னு எழுதுனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நிம்மதியா படிக்கலாம்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "நீங்களும்தான் கேட்டீங்க, பொங்கலுக்கு" என்றாள்.

ஆமாம், கேட்டேன். சித்தி பசங்க எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருக்க, "எத்தனை ஸ்பூன் உள்ள போச்சு?" என்று சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அவள் கிண்ணத்தைக் கீழே வச்சுட்டு எழுந்து போனது இப்பதான் ஞாபகம் வருது. ஆக, இந்தப் பதிவில் நான் திட்டப்போகிற ஆட்களில் முதல் ஆள் நான்தான். அடுத்து உங்களையும் திட்டுவேன்.

முதல் விஷயம். டைப் 1 இனிப்பு தின்னதால் வருவது இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிச்சிடுது. நம்ம அப்பாவுக்கு அம்பது வயசில் வந்த சர்க்கரை வேற, இது வேற. அது தெரியாமல் "சின்ன வயசுல சாக்லேட்டா வாங்கிக் கொடுத்துட்டீங்களோ?" என்று விசாரிக்க வரும் பெரியம்மாக்கள், அந்த வீட்டில் ஒரு குற்றவாளியை உட்கார வச்சுட்டுத்தான் கிளம்புறாங்க. அம்மாவா, புள்ளையா என்பது மட்டும்தான் பாக்கி. "ஊசிய நிறுத்திட்டு பாகற்காய் ஜூஸ் குடு, ஆவாரம்பூ கஷாயம் குடு" என்பவர்கள் இதைவிட ஆபத்து. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலா இன்சுலின் ஊசி போடப்பட்டது லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு. அதுக்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் பட்டினி கிடந்து கொஞ்ச நாள் தள்ளிப்போட்டுச் செத்தாங்க. இன்சுலினை நிறுத்தச் சொல்றவர், தெரிஞ்சோ தெரியாமலோ, அந்தக் காலத்துக்குத்தான் வழி காட்டுறார்.

இரண்டாவது, அந்த நம்பர் பரீட்சை மார்க் கிடையாது. வயசுக்கு வரும் பருவத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை சரியாக வேலை செய்ய விடாது. அதே சாப்பாடு, அதே யூனிட், ஆனா நேத்து 140, இன்னிக்கு 280. ஜுரம் வந்தா ஏறும், பரீட்சை டென்ஷனில் ஏறும், விளையாடினா இறங்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993ல் முடிவு வெளியான டிசிசிடி ஆராய்ச்சியில் 13 முதல் 17 வயசு வரை உள்ள பிள்ளைகளும் இருந்தாங்க. கூடவே டாக்டரும் நர்சும் நின்று கவனிச்சும், அவங்க ஹெச்பிஏ1சி பெரியவர்களைவிட சுமார் ஒரு சதவீதம் அதிகமாவே இருந்தது. அத்தனை பேர் சேர்ந்து பார்த்தும் முடியாததை, கணக்கு டியூஷனுக்கும் ஹிந்தி கிளாசுக்கும் நடுவில் ஒரு பத்தாம் கிளாஸ் பொண்ணு தனியா சாதிக்கணுமாம்.

மூன்றாவது, எனக்கு ரொம்ப எரியுற விஷயம். "பொண்ணாச்சே, வெளியே தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?" அதனால் கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் அவள் ஊசி போட்டுக்கிறது மண்டபத்து பாத்ரூமில். சோப்பு டப்பா மேலே இன்சுலின் பேனா! 2023 பிரெஞ்சு ஓபனில் ஸ்வெரெவ் கோர்ட்டில் ஊசி போடக்கூடாது என்று சொன்னதும் அவர் வெளிப்படையாகவே சண்டை போட்டார். ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஆளு, சண்டை போடலாம். பதினஞ்சு வயசுப் பொண்ணு யார்கிட்ட போடும்? ஒளிச்சு வை, ஒளிச்சு வைன்னு நாலு வருஷமா நாமதான் பாடம் நடத்தினோம். நம்பரையும் ஒளிச்சு வைக்க அவள் கத்துக்கிட்டதில் என்ன ஆச்சரியம்?

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஒருநாள் கிளாசில் லோ ஆகி கை நடுங்க பிஸ்கட்டைப் பிரிச்சவளை, "பெல் அடிக்கட்டும்" என்று டீச்சர் நிறுத்தி வச்சாங்களாம். 70க்குக் கீழே போன சர்க்கரை பெல்லுக்குக் காத்திருக்காது. பொதுத்தேர்வு ஹாலுக்குள்ளேயே டைப் 1 பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017லேயே அனுமதி கொடுத்தாச்சு. சாதாரண கிளாசில் ரெண்டு பிஸ்கட்டுக்கு என்ன தடை?

இந்த இடத்தில் ஒருத்தர் வருவார் என்று தெரியும். "அப்போ கண்டிக்கவே வேணாமா? கண்ணு போனா நீ வந்து பாப்பியா?" நியாயமான கேள்விதான். நல்ல கட்டுப்பாடு இருந்தா கண்ணும் கிட்னியும் பிழைக்கும் என்று நிரூபிச்சதும் மேலே சொன்ன அதே ஆராய்ச்சிதான். நம்பர் முக்கியம் சார். முக்கியம் என்பதால்தான் சொல்றேன், உண்மையான நம்பர் வேணும். 130 என்று எழுதியிருந்தால் டாக்டர் டோஸைக் கூட்ட மாட்டார். எங்க வீட்டில் நடந்தது அதுதான். எங்கள் கண்டிப்பு வாங்கிக் கொடுத்தது ஒரு அழகான நோட்டும் ஒரு 11.2ம்.

"இனி உன் பாடு" என்று முழுசா விட்டுடுவதும் தப்பு. அம்மா அப்பா கூட இருக்கும் பிள்ளைகள்தான் இந்த வயசை நல்லபடியா தாண்டுறாங்க. கூட இருக்கணும், குறுக்கு விசாரணை பண்ணக்கூடாது. "என்ன தின்னே?"வுக்கு பதிலா "சரி, இப்போ எத்தனை யூனிட் போடலாம்?" டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: நோட்டைத் திறக்கும் முன்னால் "எப்படிம்மா இருக்கே?" என்று கேளுங்க. டைப் 1 பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். சிகிச்சைக் குழுவிலேயே மனநலம் பார்க்கிற ஒருத்தர் இருக்கணும் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்லுது. நாலு வருஷத்தில் அவளை அப்படி யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். நோட்டைப் புரட்டினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், 291. அக்கா வாயைத் திறந்தா. நான் முறைச்சேன். மூடிக்கிட்டா. அப்புறம் ரெண்டு பேருமா உட்கார்ந்து யூனிட் கணக்குப் போட்டாங்க.

291 நல்ல நம்பர் கிடையாது, தெரியும். ஆனா அந்த நோட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் நான் பார்த்த நிஜமான நம்பர் அது.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, மாமா. ஊசி, டோஸ் எல்லாம் உங்க டாக்டரைத்தான் கேட்கணும்.

டிஸ்கி 2: அவள் படிச்சுப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் இதைப் போடுறேன். "பாகற்காய் ஜூஸ்" என்று பின்னூட்டம் வந்தா அவளே பதில் சொல்றாளாம். ஜாக்கிரதை :-)