வரலாறு படிக்கப் போகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பாட்டுதான். "பி.ஏ. வரலாறா? அது சோறு போடுமா?" "தமிழ் எடுத்தா டெட் எழுதி எழுதியே வயசு போயிடும்." "வெளிநாடு போகணும்னா கம்ப்யூட்டர்தான்." இதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

கலைப் படிப்பில் உலக அளவில் பெயர் எடுக்க முடியாது என்று யார் சொன்னது? நம் மண்ணைப் படித்தே பலர் எடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள்தான் அந்த வரிசையில் குறைவு.

பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்தார். நாம் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சுற்றி வருகிற அந்தச் சுவர்களில் இருந்த எழுத்துகளைப் படித்து, மொழிபெயர்த்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் அச்சேற்றினார். பிறகு ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஜப்பானிலிருந்து நொபுரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து கல்வெட்டு வாசிக்கப் பழகினார். காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேய ஊரில் நிலம் தனித்தனி ஆட்கள் கையில் இருந்தது, வெள்ளாளர் ஊரில் ஊராரின் பொதுவில் இருந்தது என்று காட்டினார். சோழர் கால நிலவுடைமை பற்றிய பெரிய விவாதத்துக்கு அந்த இரண்டு ஊர்கள் போதுமாக இருந்தன. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர், 2013இல் பத்மஸ்ரீ.

கேத்லீன் கஃப் இங்கிலாந்துக்காரர். 1951இல் வந்து நம் மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி, மிராசுதாரையும் பண்ணையாளையும் பற்றி எழுதினார். 1981இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. வங்காளத்து ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் இங்கே ஓர் அக்கிரகாரத்தில் தங்கி ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1965இல் கலிபோர்னியாவில் வெளியானது. சாதியைப் பற்றி உலகத்தில் யார் படித்தாலும் இன்றும் அதைத் தொடாமல் போக முடியாது.

இவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, நன்றிதான் உண்டு. ஜப்பானில் பிறந்தவருக்குச் சோறு போட்ட கல்வெட்டு தஞ்சாவூரில் பிறந்த பிள்ளைக்குப் போடாதா என்பதுதான் என் கேள்வி.

நம்மவர்களாலும் முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பேராசிரியர் எ. சுப்பராயலு சோழ நாட்டின் நாடு, வளநாடுகளைக் கல்வெட்டிலிருந்து எடுத்து வரைபடமாக்கினார். 1973இல் வந்த அந்த நூலை விட்டுவிட்டு எந்த நாட்டு ஆய்வாளரும் சோழரைப் பற்றி எழுத முடியாது. நம் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில்தான் பணியாற்றினார். யாழ்ப்பாணத்து க. கைலாசபதி சங்க இலக்கியத்தைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு பர்மிங்காமில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆக்ஸ்ஃபோர்ட் 1968இல் அதை வெளியிட்டது. இருவருக்கும் மூலதனம் தமிழ்.

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக உலகமெங்கும் கைநீட்டி 60 லட்சம் டாலர் சேர்த்தோம். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம், நானும் கைதட்டினேன். ஆனால் அங்கே நாற்காலிக்குப் பணம் கட்டிவிட்டு, அதில் உட்காரப் போகிற பிள்ளையை வீட்டில் "தமிழா எடுக்கிறே?" என்று கேட்பது என்ன நியாயம்?

வீடு ஒரு தடை என்றால் அரசு இன்னொரு தடை. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை என்று ஒன்று உண்டு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளில் ஆண்டுக்கு 125 பேருக்கு. 2022இல் விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி ஆராய இந்தப் பணம் கிடையாது என்றார்கள். நம்மைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம்.

யோசித்துப் பாருங்கள். கேத்லீன் கஃப் நம் பண்ணையாள் குடும்பங்களைப் பற்றி எழுதி உலகப் பேராசிரியர் ஆகலாம். அந்தக் குடும்பத்துப் பேத்தி, தன் பாட்டி நாற்று நட்ட வயலைப் பற்றி ஆராய அரசுப் பணத்தில் வெளிநாடு போகக் கூடாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பா காசில் போய் எதை வேண்டுமானாலும் ஆராயலாம். இந்த விதியை எடுக்கச் சொல்லி உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டுமல்ல, இப்போதே.

ஆசைகாட்டிவிட்டு ஓடுகிறவன் இல்லை நான். பாதை கடினம். எல்லா நாட்டிலும் கலைத்துறைகளில் நிரந்தர வேலை குறைந்துகொண்டு வருகிறது. அதனால் சொல்கிறேன், நிலத்தை அடகு வைத்து, ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, ஒரு வருஷ எம்.ஏ.வுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டும். ஐந்தாறு வருஷம் ஆகும். பணம் தராத இடத்துக்குப் போகாதீர்கள்.

போவதற்கு முன் இங்கே செய்ய வேண்டியது நிறைய. கல்வெட்டுத் தமிழ் வாசிக்கப் பழகுங்கள், கிரந்த எழுத்து படியுங்கள். சரஸ்வதி மகாலில் சுவடிகளும் மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களும் இருக்கின்றன. மோடி படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஒருநாள் பயணத்தில் இருக்கிறது. நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மூலத்தை நேராக வாசிக்கத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

சித்தப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா வயலிலும் ஒரே பயிர் போட்டால் பூச்சி வந்தால் மொத்தமும் போகும், இது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால் ஒன்றையாவது அது கேட்கிற படிப்பில் விடுங்கள். பணம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கேலி பேசாமல் இருங்கள்.

மாணவச் செல்வங்களே, வரலாறோ தமிழோ எடுக்க நினைக்கிற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. எழுத்து கற்றுக்கொடுக்க நான் இருக்கிறேன்.