நிறுத்துக் கொடுங்கள், எழுதி வையுங்கள்



நம்முடைய சபைக் குடும்பங்கள் பலவற்றில் அதிகம் பேசப்படாத ஒரு சிறிய பெட்டி உண்டு. ஞானஸ்நானம் பெற்ற நாட்களில் தாயார் கழற்றி வைத்த கம்மல், அறுந்துபோன சங்கிலித் துண்டு, பாட்டியின் பழைய தண்டட்டி, பிள்ளைகளின் கொலுசு ஆகியவை ஒரு துணி முடிச்சில் அதற்குள் கிடக்கும். அணிவதில்லை என்று தீர்மானித்தாயிற்று. ஆனால் அது குப்பையல்ல. பல குடும்பங்களுக்கு அவசர காலத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சேமிப்பு அதுதான்.

வண்டிப்பெரியாற்றில் தோட்டத்து லயத்திலோ, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டிலோ தாய் இருப்பார். பிள்ளை பெங்களூரிலோ திருப்பூரிலோ பிழைப்புக்காக இருப்பான். கல்லூரிக் கட்டணம், வீட்டு முன்பணம், மருத்துவமனைச் செலவு என ஏதோ ஒன்று வருகிறது. "அம்மா, அந்தப் பழைய நகையைப் பார்சலில் போட்டு அனுப்புங்கள், இங்கே உருக்குகிறவர்களிடம் நல்ல விலை கிடைக்கும்" என்று தொலைபேசியில் சொல்லுகிறான். அனுப்பலாமா? யாரிடம் விற்பது? இம்மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

எஸ்றா வெட்கப்படாத காரியம்

பொன்னையும் வெள்ளியையும் தூரத்துக்கு அனுப்புவது எப்படி என்பதற்கு வேதத்திலே தெளிவான முன்மாதிரி உண்டு. எஸ்றா 8-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஏறத்தாழ நான்கு மாதப் பயணம். கையில் 650 தாலந்து வெள்ளியும் 100 தாலந்து பொன்னும், பணிமுட்டுகளும் இருந்தன. வழிக்காவலுக்குச் சேவகரை அனுப்பும்படி ராஜாவிடம் கேட்க எஸ்றா வெட்கப்பட்டான். தேவனுடைய கரம் தங்களோடு இருக்கிறதென்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். உபவாசித்து ஜெபித்துப் புறப்பட்டான்.

ஆனால் சேவகரைக் கேட்க வெட்கப்பட்ட அதே எஸ்றா, தராசைப் பிடிக்க வெட்கப்படவில்லை. ஆசாரியரின் தலைவர்களில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து, அவர்கள் கையில் எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுத்தான். எருசலேமுக்கு வந்து சேர்ந்த பின்பு, நான்காம் நாளிலே ஆலயத்தில் மறுபடியும் நிறுக்கப்பட்டது. எண்ணிக்கையும் எடையும் எழுதி வைக்கப்பட்டன.

வாங்கினவர்கள் ஆசாரியர்கள், அவர்களை எஸ்றா சந்தேகப்பட்டான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். புறப்படும் இடத்தில் ஒரு எடை, சேரும் இடத்தில் ஒரு எடை, இரண்டுக்கும் எழுத்து. இது கொண்டுபோகிறவனுடைய நற்பெயரையும் காக்கும் ஒழுங்கு. நம்மிலோ, "சகோதரர்தானே, அவரிடம் எப்படி நிறுத்துக் கொடுப்பது?" என்ற கூச்சத்தினால் நகையை அப்படியே முடிச்சோடு கொடுத்துவிடுகிறோம். பின்பு மனஸ்தாபம் வருகிறது. சபையிலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாமற்போகிறது.

முதலாவது கேள்வி: நகை யாருடையது?

விற்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு அவள் பெற்றோர் கொடுத்த நகை ஸ்திரீதனம். அது அவளுக்கே உரியது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2024 ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதிப்படுத்தியது. 89 பவுன் நகையை இழந்த மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கணவனுக்கு உத்தரவிட்டது. இக்கட்டு வேளையில் கணவன் அந்த நகையை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு என்பதே சட்டத்தின் நிலை.

ஆகவே சகோதரர்களே, "அவள்தான் அணிவதில்லையே" என்பது எடுத்து விற்பதற்கு உரிமையாகாது. அவள் கழற்றி வைத்தது அணியும் வழக்கத்தைத்தான், உரிமையை அல்ல. மனைவியின் அல்லது தாயின் மனப்பூர்வமான சம்மதம் முதலில் இருக்கட்டும்.

இரண்டாவது: எடையும் மாற்றும்

நகையின் விலை மூன்று காரியங்களினால் அமைகிறது: எடை, மாற்று, அன்றைய விலை. இம்மூன்றில் விலையை மட்டுமே நாம் செய்தித்தாளில் பார்க்கிறோம். எடையையும் மாற்றையும் வாங்குகிறவர் சொல்ல நாம் கேட்டுக்கொள்ளுகிறோம். பெரும்பாலான நஷ்டம் அங்கேதான் நேரிடுகிறது.

ஒரு பவுன் 8 கிராம். 22 காரட் என்றால் நூறில் 91.6 பங்கு தங்கம். 18 காரட் என்றால் 75 பங்கு. நம்மிடத்திலுள்ள பழைய நகைகளில் பலவற்றுக்கு முத்திரையே இராது. இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் முறை 2000-ம் ஆண்டில் விருப்பத்தின் பேரில் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல்தான் 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. அந்த முதற்பட்டியலில் கேரளத்தின் மற்ற மாவட்டங்கள் இருந்தன, இடுக்கி மாத்திரம் இல்லை; சோதனை நிலையம் அங்கே இல்லாததே காரணம். அக்குறை பின்பு நீங்கினாலும், மூணாறிலும் குமுளியிலும் கம்பத்திலும் போடியிலும் நம் தாய்மார் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கின நகைக்கு ஆசாரியின் வாய்ச்சொல்லே முத்திரையாயிருந்தது. மேலும், அக்காலத்துப் பற்றவைப்புப் பொடியில் செம்பும் பிற உலோகங்களும் கலந்திருக்கும். ஆகவே உருக்கும்போது மாற்று குறைவாக வருவது இயல்பு. அது எப்போதும் ஏமாற்று அல்ல.

அப்படியானால் உண்மையான மாற்றை அறிவது எப்படி? இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் நிலையத்தில் சாதாரண மக்களும் தங்கள் முத்திரையில்லாத நகையைக் கொடுத்துச் சோதித்து அறிக்கை பெறலாம். 2022-ல் இவ்வசதி அறிவிக்கப்பட்டபோது நான்கு நகைகள் வரை 200 ரூபாய் என்றும், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகை ஒன்றுக்கு 45 ரூபாய் என்றும் கட்டணம் குறிக்கப்பட்டது. போகுமுன் இப்போதைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி உள்ள புதிய நகையானால், பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியிலேயே அதைச் சரிபார்க்கலாம்.

கடைகளில் உள்ள கதிர் இயந்திரம் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. முலாம் பூசியதும் உள்ளே அரக்கு நிரப்பியதும் அதற்குத் தெரியாது. உருக்கிய பின் எடுக்கும் மாற்றே நம்பத்தக்கது. அதிலும் நுட்பமானது நெருப்புச் சோதனை. சிறு துணுக்கை ஈயத்தோடு சேர்த்துச் சிறு கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சினால், செம்பு முதலானவை ஈயத்தோடு கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டுப்போகும். மிஞ்சியதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். கடைசியில் நிற்பது பொன் மாத்திரமே.

ஒரு கணக்கு

16 கிராம் எடையுள்ள பழைய சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கும் அரக்குக்கும் 1 கிராம் போக, நிகர எடை 15 கிராம். உருக்கிய பின் மாற்று 85 என்று வந்தால், அதிலுள்ள சுத்தத் தங்கம் 12.75 கிராம். அதை 0.916-ஆல் வகுத்தால் 13.92 கிராம், அதாவது அன்றைய 22 காரட் விலையில் ஏறக்குறைய 13.92 கிராமுக்கு உரிய தொகையே உங்கள் நகையின் அடிப்படை மதிப்பு. அதிலிருந்து கடைக்காரர் தம் கூலியையும் லாபத்தையும் கழிப்பார். எவ்வளவு சதவீதம் என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றை 85-க்குப் பதிலாக 82 என்று சொல்லிவிட்டால், வாயசைவில் கிட்டத்தட்ட அரை கிராம் சுத்தத் தங்கம் போய்விடும். வாங்கும்போது நீங்கள் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது; அதை எதிர்பார்க்கவேண்டாம்.

வெள்ளியில் ஏமாற்றம் இன்னும் அதிகம். கொலுசிலும் அரைஞாணிலும் கலப்பு மிகுதியாயிருக்கலாம். 100 கிராம் கொலுசின் மாற்று 60 என்றால் அதில் வெள்ளி 60 கிராம்தான். வெள்ளிக்கு அடையாளக் குறியோடு கூடிய ஹால்மார்க் முறை 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருந்தாலும், அது விருப்பத்தின் பேரிலேயே வந்தது.

மூன்றாவது: பார்சலில் அனுப்பலாமா?

அமெரிக்காவில் பழைய நகையைத் தபாலுறையில் போட்டு அனுப்பினால் காசோலை அனுப்பும் நிறுவனங்கள் ஒரு காலத்தில் பெருகின. 2009-ல் அந்நாட்டு நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், ஒரே விதமான நகைகளை இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பிப் பரிசோதித்தது. கிடைத்த தொகை, அன்றைய தங்க மதிப்பில் 11 முதல் 29 சதவீதம் மாத்திரமே. நேரில் போய் விற்ற கடைகளில் அதைவிட அதிகம் கிடைத்தது. காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நகை கையைவிட்டுப் போன பின்பு நிறுக்கிறவரும் அவரே, மாற்றுப் பார்க்கிறவரும் அவரே, விலை சொல்லுகிறவரும் அவரே. வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகளும் இதை நினைவில் வைப்பது நல்லது.

அதே நாட்டில் வேறொரு சம்பவமும் உண்டு. 1958 நவம்பரில் ஹாரி வின்ஸ்டன் என்னும் நகை வணிகர், புகழ்பெற்ற ஹோப் வைரத்தை அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மொத்தச் செலவு 145.29 டாலர். அதில் தபால் கட்டணம் 2.44 டாலர், மீதியெல்லாம் பத்து லட்சம் டாலருக்கான காப்பீடு. வைரம் பத்திரமாய்ச் சேர்ந்தது. பொருளின் மதிப்பை அறிந்தவர் செலவு செய்தது உறைக்கல்ல, காப்பீட்டுக்கு.

நம் நாட்டில் பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் தங்க நகையை ஏற்பதில்லை என்று தங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. "துணி" என்று எழுதி உள்ளே நகையை மறைத்து அனுப்பினால், தொலைந்தால் கேட்க முகமிராது, அது பொய்யுமாகும். தபால் நிலையத்தில் காப்பீடு செய்து அனுப்பும் முறை உண்டு. ஆனால் காப்பீடு செய்யாத பொட்டலம் தொலைந்தால் கிடைக்கும் ஈடு மிகச் சொற்பம். அனுப்பியே ஆகவேண்டுமானால், எவ்வளவு மதிப்பு வரை காப்பீடு செய்யலாம், எப்படி முத்திரையிடவேண்டும் என்று தபால் அதிகாரியிடம் முதலில் கேளுங்கள்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கோ இதற்குப் பெரும்பாலும் அவசியமே இல்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்தாருக்குக் கோயம்புத்தூரும் திருச்சூரும் ஒரு பகல் வேலை. குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்தாருக்குத் தேனியும் மதுரையும் உண்டு. இவ்வூர்களின் நகைக் கடைவீதிகளில் பழைய நகையை உருக்கிக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இத்தொழிலுக்கென்றே மகாராஷ்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்து விட்டா, கானாப்பூர், ஆட்பாடி பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாய் வந்தவர்கள் இந்தியா முழுவதும் பரவியிருக்கிறார்கள். அவர்களும் நம்மைப்போல ஊர் விட்டுப் பிழைக்க வந்தவர்களே. நகையோடு தாயும் பிள்ளையும் சேர்ந்து போய், கண்முன்னே உருக்கி, கண்முன்னே மாற்றுப் பார்த்து வருவது பார்சலைவிட நலம்.

விற்கும் நாளில் செய்யவேண்டியவை

வீட்டைவிட்டுப் புறப்படுமுன் ஒவ்வொரு நகையையும் படம் பிடியுங்கள். உள்ளூரில் முத்திரையிட்ட தராசில் நிறுத்து, எடையைத் தேதியோடு எழுதி, இரண்டு பேர் கையெழுத்திடுங்கள். ஆபிரகாம் மக்பேலா நிலத்துக்காக 400 சேக்கல் வெள்ளியை ஏத்தின் புத்திரர் கேட்க நிறுத்துக் கொடுத்ததை ஆதியாகமம் 23-ல் வாசிக்கிறோமே! பழைய ரசீது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வணிகர் சங்கங்கள் தனித்தனியே தினவிலை அறிவிப்பதால், இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உருக்கச் சம்மதிக்குமுன் நன்றாக யோசியுங்கள். உருக்கிய பின் அது நகையல்ல, கட்டி. விலை பிடிக்காவிட்டால் கட்டியாகத்தான் திரும்பப் பெறுவீர்கள். அடையாளச் சான்று கேட்டால் வருத்தப்படாதீர்கள். திருட்டு நகை வாங்காதவர் அப்படித்தான் கேட்பார். எடை, மாற்று, விலை, கழிவு ஆகிய நான்கும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தொகை வங்கிக் கணக்குக்கு வரட்டும்; நகை யாருடையதோ அவருடைய கணக்குக்கு வருவது உத்தமம். சொந்த நகையை விற்கும் தனிநபர் ஜி.எஸ்.டி. கட்டவேண்டியதில்லை என்று 2017 ஜூலையிலேயே மத்திய அரசு விளக்கியது. அந்தப் பெயரில் கழித்தால் காரணம் கேளுங்கள்.

பிரியமானவர்களே, கள்ளத்தராசு தேவனுக்கு அருவருப்பானது என்று நாம் பிரசங்கிக்கிறோம். நல்ல தராசை நாமே கையில் எடுப்பதும் அந்தப் பிரசங்கத்தைச் சேர்ந்ததே. தேயிலைக் கூடையைச் சுமந்து, ஏலக்காய் பறித்து, ஒரு தாய் குன்றிமணி குன்றிமணியாய்ச் சேர்த்த பொன் அது. அதை விற்கவேண்டிய நாள் வந்தால், ஒரு கிராமும் வீணாய்ப் போகாதபடி நிறுத்துக் கொடுங்கள், எழுதி வையுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பத்தின் தேவைகளைச் சந்திப்பாராக.