அற்பாயுசும் அழியாப் புகழும்

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு யுத்தமே நடந்தது. விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காள் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சண்டை. அமெரிக்க ராப் பாடகர்களுக்குள் யார் பெரியவர் என்பதுதான் விவகாரம். (ராப் என்றால், ராகத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தாளத்தின் மேல் எதுகையோடு வார்த்தைகளைக் கொட்டுவது என்று வைத்துக் கொள்ளுங்களேன்.)

"டூபாக் ஷகூர்தான்!" என்றான் பிள்ளை.

"போ அண்ணா! 25 வயசிலே செத்துப் போனார், அதனாலே பெரிய ஆளாகிவிட்டார். இருந்திருந்தால் சாயம் வெளுத்திருக்கும்!" என்றாள் பெண்.

"நீங்களே சொல்லுங்கள், சித்தி" என்று வழக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு இந்தப் பாட்டுக்கள் அவ்வளவாக ரசிப்பதில்லை. கேள்வி மட்டும் விடவில்லை.

டூபாக் 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் காரில் இருந்தபோது சுடப்பட்டு, ஆறாம் நாள் இறந்தார். ஆறு மாதம் நிறையுமுன், அவருக்கு முதலில் நண்பராகவும் பிறகு எதிரியாகவும் இருந்த நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்பவரும் லாஸ் ஏஞ்சலீஸில் அதே விதமாக மாண்டார். வயது 24. அவருடைய இரண்டாவது இசைத்தட்டு அதற்குப் பதினாறாம் நாள் வெளியாயிற்று. அதற்கு அவர் உயிரோடிருக்கும்போதே வைத்த பெயர் 'மரணத்துக்குப் பின் வாழ்வு'!

பெண் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. செத்தவர் மோசமான பாட்டுப் பாடமாட்டார் அல்லவா? நாஸ் என்று ஒருவர். 1994-ல், 20 வயதில், முதல் தட்டிலேயே எல்லோரையும் அசர வைத்தார். அதோடு போயிருந்தால் அவரும் தெய்வம். இருந்ததால், பிறகு எதைப் பாடினாலும் "பழையதற்கு ஈடாகுமா?" என்றே அளந்தார்கள். கிராமி பரிசு கிடைத்தது 2021-ல், 47 வயதில்! டூபாக்கோ உயிரோடு வெளியிட்டவை நான்கு தட்டுக்கள்தான். செத்த பிறகு வந்தவை அதைவிட அதிகம். மிச்சமிருந்த குரலுக்கு மற்றவர்கள் புதுச் சங்கீதம் சேர்த்து விற்றார்கள். 2012-ல் அவர் உருவத்தையே வெளிச்சத்தில் உண்டாக்கி மேடையில் ஆட விட்டார்களாம். நன்றாயிருக்கிறது போங்கள்!

ஆனால் சாவு ஒன்றே போதுமென்றால், 1999-ல் 24 வயதில் சுடப்பட்ட பிக் எல் என்பவரையும் ஊரெல்லாம் கொண்டாட வேண்டுமே? ரசிகர்களில் சிலர்தான் அவரை நினைக்கிறார்கள். டூபாக் 1995-ல் சிறையில் இருந்தபோதே அவர் தட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது. போதைக்கு அடிமையாகிக் கிடந்த தம் தாயைப் பற்றி, வருத்தத்தையும் வாஞ்சையையும் மறைக்காமல் அவர் பாடிய பாட்டு அதில்தான் இருக்கிறது. அதைப் பாட அவர் சாகவேண்டியிருக்கவில்லை.

மரணம் புகழை ஊதித்தான் விடுகிறது. ஆனால் பறித்துக்கொண்டதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? பி.ஐ.ஜி. படித்த புரூக்லின் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர் ஜே-ஸீ. 2017-ல், 47 வயதில், மனைவிக்குத் துரோகம் செய்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுப் பாடினார். 25 வயதுப் பிள்ளையால் அப்படிப் பாட முடியுமா? அந்த இருவருக்கும் அந்த வயது வரவேயில்லை.

டூபாக்கின் தாய் அஃபெனி, மகன் பாட்டுக்களை வெளியிட ஒரு கம்பெனியே ஆரம்பித்தார், 2016-ல் காலமானார். பி.ஐ.ஜி.யின் தாய் வொலெட்டா, ஜமைக்காவிலிருந்து வந்து குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர், 2025 வரை இருந்தார். மகன் பூமியில் வாழ்ந்ததைவிட அதிக வருஷங்கள் மகன் பெயரைக் காத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சொல்லி, "ஆளுக்குப் பாதி" என்று தீர்ப்பளித்தேன். இருவருக்கும் திருப்தியில்லை. பிள்ளை அந்தத் தாயைப் பற்றிய பாட்டை வைத்தான். பெண் எழுந்து போகவில்லை.