நிராகரிப்புக் கடிதம் தீர்ப்பு அல்ல!



"தங்கள் புகாரைப் பரிசீலித்தோம். விண்ணப்பத்தில் இருப்பது தங்கள் கையெழுத்தே. சரிபார்ப்பு அழைப்பில் தாங்கள் சம்மதம் தெரிவித்துள்ளீர்கள். பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. ஆகவே பிரீமியத்தைத் திருப்பித் தர இயலாது."

பொய் சொல்லி பாலிசியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தால், இன்சூரன்ஸ் கம்பெனிகள் அனுப்பும் பதிலின் சாரம் இதுதான். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். வாங்கிப் பார்த்தவர் "சரி, நம்ம தலையெழுத்து"ன்னு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். கம்பெனி எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். அந்தக் கடிதம் தீர்ப்பு அல்ல. விற்றவனே விசாரித்து, விற்றவனே எழுதிக்கொண்ட பதில். வேலிக்கு ஓணான் சாட்சி! கம்பெனி 'முடியாது' என்று எழுதிக் கொடுத்த நாளில்தான், கம்பெனிக்கு வெளியே இருக்கும் கதவுகள் உங்களுக்குத் திறக்கின்றன.

🔴 எப்படி விற்கிறார்கள்?

மில்லில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் வந்த பி.எஃப். பணம் 3 லட்சத்தை எஃப்.டி.யில் போட வங்கிக்குப் போகிறார். "ஐயா, எஃப்.டி.யை விட நல்ல ஸ்கீம் இருக்கு. அஞ்சு வருஷத்துல டபுள். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்." பத்து இடத்தில் கையெழுத்து. அடுத்த வருஷம் "பிரீமியம் கட்டுங்கள்" என்று போனில் செய்தி வரும்போதுதான் தெரிகிறது, அது வருஷா வருஷம் 3 லட்சம், பத்து வருஷம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு. பென்ஷன் சில ஆயிரம்கூட வராத மனுஷன் எங்கே போவார் 3 லட்சத்துக்கு?

இன்னொரு பக்கம், கடன் கேட்டு வரும் விவசாயியிடம், "இந்த பாலிசி போட்டாத்தான் லோன் சாங்ஷன் ஆகும்" என்கிறார்கள். கடனைக் காட்டி பாலிசி வாங்கக் கட்டாயப்படுத்துவது விதிக்கு விரோதம். ஆனாலும் நடக்கிறது.

🔴 கம்பெனியின் சாக்குகளும் நம் பதிலும்

"கையெழுத்து உங்களுடையது." ஆமாம், கையெழுத்து நம்முடையது. ஆனால் ஃபார்மை நிரப்பியது யார்? புரபோசல் ஃபார்மின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். பென்ஷன்காரருக்குத் தொழில் 'வியாபாரம்' என்றும், ஆண்டு வருமானம் பல லட்சம் என்றும் எழுதியிருக்கிறதா? செல்போன் நம்பரும் மின்னஞ்சலும் ஏஜெண்டுடையதா? அதுதான் உங்கள் முதல் சாட்சி. வாங்குபவரின் வயதுக்கும் வருமானத்துக்கும் தேவைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து விற்க வேண்டியது விற்பவரின் கடமை.

"போனில் சரி என்றீர்கள்." அந்தக் குரல் பதிவைக் கேளுங்கள். எந்த மொழியில் பேசினார்கள்? எவ்வளவு வேகத்தில்? பத்து வருஷம் கட்ட வேண்டும் என்று சொன்னார்களா? "எல்லாத்துக்கும் எஸ் சொல்லுங்க சார், சும்மா ஃபார்மாலிட்டி" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தது யார்?

"காலம் முடிந்துவிட்டது." பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் உண்டு. அந்த 30 நாள், ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. என்றைக்கு, யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஏஜெண்டின் மின்னஞ்சலுக்குப் போனது உங்கள் கைக்கு வந்ததாகுமா? ஒருவேளை 30 நாள் கடந்திருந்தாலும், ஏமாற்றி விற்றார்கள் என்ற புகார் அதனால் செத்துப்போகாது. அது வேறு உரிமை, இது வேறு.

"வேண்டுமானால் சரண்டர் செய்யுங்கள்." இது வலை. 2024 அக்டோபர் முதல் சரண்டர் விதிகள் கொஞ்சம் மேம்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் சரண்டரில் கிடைப்பது பிடித்தம் போக மிச்சம். ஏமாற்றி விற்றதற்கு நாம் கேட்பது கட்டிய பணம் முழுவதையும். 'கணக்கு தீர்ந்தது' என்ற காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

🔴 அடுத்து என்ன செய்யணும்?

1️⃣ முதலில் நிராகரிப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போக வேண்டும். கம்பெனி பதிலே போடவில்லை என்றாலும், புகார் கொடுத்து ஒரு மாதம் கழிந்ததும் போகலாம். வாயால் சொன்ன புகார் கணக்கில் வராது. கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, அத்தாட்சி வைத்திருக்க வேண்டும்.

2️⃣ காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஆனால் ஆணையம் உங்கள் வழக்கில் தீர்ப்புச் சொல்லாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கும், அவ்வளவுதான். அங்கே 'முடித்துவைக்கப்பட்டது' என்று வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

3️⃣ ஆம்புட்ஸ்மேன்தான் உண்மையான அடுத்த படி. கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை விசாரிக்கலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இணையத்திலும் மனு போடலாம். தேவையான ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும், கம்பெனி 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நீங்கள் மேலே போகலாம்.

4️⃣ அந்த 'மேலே' என்பது உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடக் கெடு உண்டு, மறக்காதீர்கள். வரிசையும் முக்கியம். இதே விஷயத்தில் நுகர்வோர் வழக்கு நடந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

5️⃣ விற்றது வங்கி என்றால் வங்கிமீதும் தனியாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

மனுவில் அழுது புலம்ப வேண்டியதில்லை. எந்தத் தேதி, எந்தக் கிளை, நான் கேட்டது என்ன, சொன்னது என்ன, உண்மை தெரிந்தது எப்போது என்று ஐந்து விஷயம் போதும். அன்றைக்கே முடிக்கப்பட்ட எஃப்.டி.யின் ரசீது, பாஸ்புக், பென்ஷன் சான்று, வாட்ஸ்அப் செய்திகள், 'டபுள்' என்று கிறுக்கிக் கொடுத்த துண்டுச் சீட்டு வரைக்கும் இணையுங்கள்.

எல்லா மனுவும் ஜெயிக்கும் என்று நாங்கள் ஆசை காட்டவில்லை. தெரிந்தே வாங்கிப் பல வருஷம் கட்டிவிட்டு, 'லாபம் குறைவு' என்று போனால் நிற்காது. ஆனால் ஏமாற்றப்பட்டவர் மனுவே போடாமல் தோற்கக் கூடாது.

⚠️ எச்சரிக்கை: "ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், முதலில் இவ்வளவு கட்டுங்க" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் கூட்டம் அது.

🔴 யார் பொறுப்பு?

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் மீது மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் தலைக்கு மேல் 'டார்கெட்' தொங்குகிறது. அந்த டார்கெட்டை வைத்தவர் யார்?

1956-ல் 245 காப்பீட்டு அமைப்புகளைத் தேசியமயமாக்கி எல்.ஐ.சி. உருவாக்கப்பட்டது, தனியார் கம்பெனிகளின் தில்லுமுல்லுகளைப் பார்த்த பிறகுதான். பிறகு கதவைத் திறந்தார்கள். அந்நிய முதலீடு முதலில் 26 சதவீதம், 2015-ல் 49, 2021-ல் 74, 2025 பட்ஜெட்டில் 100 சதவீதம் என்ற அறிவிப்பு. கம்பெனிக்குக் கதவு அகலமாகிக்கொண்டே போகிறது. மக்களுக்கோ, தமிழ்நாடு முழுமைக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் ஒன்றே ஒன்று!

பாலிசி வகைக்கு ஏற்பக் கமிஷனுக்கு உச்சவரம்பு இருந்தது. 2023-ல் அதையும் எடுத்துவிட்டு, மொத்தச் செலவு வரம்புக்குள் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். கமிஷன் கொழுத்தால் பொய்யும் கொழுக்காதா?

பொய் சொல்லி இன்சூரன்ஸ் விற்பது கடன் வாங்குவோரின் செலவை மறைமுகமாகக் கூட்டுகிறது, வங்கிகள் தங்கள் அடிப்படைத் தொழிலைப் பார்க்கட்டும் என்று 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே பேசினார். சரியான பேச்சு! ஆனால் அம்மையாரே, பொதுத்துறை வங்கிகளின் பெரும்பங்கு யார் கையில்? ஒன்றிய அரசின் கையில். உபதேசம் எதற்கு? ஒரு உத்தரவு போடுங்கள்!

✊ நம் கோரிக்கைகள்:

▪️ புகாரை நிராகரிக்கும் கம்பெனி, கடிதத்துடன் ஃபார்ம் நகலையும் குரல் பதிவையும் கேட்காமலே தர வேண்டும். கடிதம் தமிழில் இருக்க வேண்டும்.
▪️ 60 வயது கடந்தவர் கொடுக்கும் புகாரில், உண்மை சொல்லித்தான் விற்றோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்று சட்டம் வர வேண்டும்.
▪️ பொதுத்துறை வங்கிகளில் இன்சூரன்ஸ் டார்கெட்டை ஒழிக்க வேண்டும்.
▪️ ஏமாற்றி விற்றது உறுதியானால், வங்கியும் ஏஜெண்டும் வாங்கிய கமிஷன் பறிக்கப்பட வேண்டும்.
▪️ மதுரை, கோவை, திருச்சி, நெல்லையில் ஆம்புட்ஸ்மேன் அமர்வுகள் நடக்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் தெருவில் ஓய்வுபெற்றவர்கள், கணவரை இழந்த பெண்கள், மகன் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் பெரியவர்கள் இருப்பார்கள். போய்க் கேளுங்கள்: "பேங்க்ல ஏதாவது பாலிசி போட்டுவிட்டாங்களா? புகார் கொடுத்து, முடியாதுன்னு லெட்டர் வந்துச்சா?" ஆமாம் என்றால், உட்கார்ந்து மனு எழுதிக் கொடுங்கள். ஒரு பைசா வாங்காதீர்கள். பாலிசி எண்ணையோ ஆதார் எண்ணையோ இங்கே கமெண்டில் போடாதீர்கள். கிளைத் தோழர்களிடம் நேரில் கொடுங்கள்.

பீரோவைத் திறங்க. அந்தக் கடிதத்தை எடுங்க. தேதியைப் பாருங்க. ஒரு வருஷம் ஆகலைன்னா, சண்டை இன்னும் முடியலை.

பகிருங்கள்! ஏமாந்தவர் வீடு வரை இது போய்ச் சேரட்டும்!

#நிராகரிப்பு_தீர்ப்பல்ல
#உழைத்த_பணம்_உரிமைப்பணம்