படம் ஆளாகாது



கைப்பேசித் திரையில் ஒருவருடைய படமும் பெயரும் தெரிந்துவிட்டால், பேசுபவர் அவரேதான் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையே மோசடிக்காரரின் மூலதனம்.

2022-ஆம் ஆண்டில், அப்போது தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு அவர்களின் பெயரையும் படத்தையும் வைத்து, அமேசான் பரிசுக் கூப்பன் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவின. ஏமாற வேண்டாமென அவரே எச்சரிக்க நேர்ந்தது. காவல்துறைத் தலைவரின் பெயருக்கே இக்கதி என்றால், துபாயிலோ ரியாத்திலோ உழைக்கும் நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் எம்மாத்திரம்?

வழிமுறை எளிது. முகநூலில் திறந்து கிடக்கும் படங்களை எடுத்து, அதே பெயரில் புதுக் கணக்கொன்று தொடங்குவர். நண்பர் பட்டியலில் உள்ளோர்க்கு அழைப்பு விடுப்பர். பின்னர், "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்" என்பர்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள், செய்தி எவ்வளவு அழகாயிருப்பினும், அதைச் சொன்னவர் யார், யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். அந்தப் பழக்கம் இன்று சமையலறை வரை வரவேண்டும்.

ஏற்கெனவே நட்பில் உள்ளவரிடமிருந்து மீண்டும் அழைப்பு வருகிறதா? கணக்கு அண்மையில் தொடங்கப்பட்டதா? பேச அழைத்தால் தட்டிக்கழிக்கிறாரா? பணம் போகும் கணக்கில் வேறு பெயர் தெரிகிறதா? இவற்றுள் ஒன்றிருந்தாலும் நிறுத்துங்கள். உங்களிடம் முன்பே உள்ள பழைய எண்ணில் அவரை அழையுங்கள். குரலையும் இன்று கணினி போலி செய்யும். ஆகவே குடும்பத்தார் மட்டுமே அறிந்த ஒன்றைக் கேளுங்கள். உங்கள் முகநூல் பக்கத்தையும் பூட்டி வையுங்கள்; அவ்வசதி 2020 முதல் இந்தியாவில் உண்டு.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். தாமதமின்றிச் சொன்னால், பணம் கைமாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. சோழபுரத்தில் இருப்போர் தங்கள் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் முறையிடலாம்.

வீட்டுப் பெரியவர்களே, ஏமாந்த மகளையோ மருமகளையோ ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி அவள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே ஆதாயம். வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன், ஏமாந்தவள் அல்லள்.

வஸ்ஸலாம்.