நிலவில் கேட்ட பாங்கும் ஒரு கதைப்புத்தகமும்



சில ஆண்டுகளுக்கு முன் நான் ஓதிக்கொடுக்கும் மக்தபில் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் ரைஹாலுக்கு அடியில் ஒரு புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஓதும் நேரத்தில் கதைப்புத்தகமா என்று கடிந்து, அதை வாங்கி மேசையறைக்குள் வைத்துப் பூட்டினேன். அதுவரை நான் செய்ததில் தவறில்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஓதும் நேரம் ஓதுவதற்குரியது.

தவறு அடுத்த வாரத்தில் நேர்ந்தது. பாங்கின் சிறப்பைப் பற்றிப் பேசும்போது, நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசையைக் கேட்டதாகவும், பின்னர் எகிப்தில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவியதாகவும் கூறினேன். என் மாணவப் பருவத்தில் எனக்குச் சொல்லப்பட்டது. பல ஆண்டுகளாக நானும் சொல்லி வந்தது. அந்தச் சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், நிலாவுல காத்தே இல்லையே, சத்தம் எப்படிக் கேக்கும்?" என்றான். கதைப்புத்தகம் படித்துப் படித்து உன் ஈமான் இப்படி ஆகிவிட்டதே என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவன் அமர்ந்துவிட்டான். அதன் பிறகு அவன் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. பாடத்தைச் சரியாக ஒப்புவிப்பான், போய்விடுவான்.

கேள்வி கேட்காத மாணவனை நல்ல மாணவன் என்று நினைக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. நானும் சில நாட்கள் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் இஷாவுக்குப் பிறகு மேசையறையைத் திறந்தபோது அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. அதில் என்னதான் இருக்கிறது என்று புரட்டியவன் நள்ளிரவு தாண்டியும் கீழே வைக்கவில்லை. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை அது. வருங்கால இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். மனிதர்களின் பெயர்கள் இரண்டு எழுத்தில் அடங்க வேண்டும். பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். இவற்றுக்கு நடுவே ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, எஜமானியைவிட விவரமாகப் பேசுகிறது. மக்கள் வணங்காத குறையாகப் போற்றும் அந்தத் தலைவன் ஒளியால் ஆன வெறும் பிம்பம் என்று தெரியவரும் இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். தம் கைகளால் செய்தவற்றையே வணங்கிய கூட்டத்தாரிடம் இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்ட கேள்விகள்தாம் நினைவுக்கு வந்தன. சுஜாதா இதை எண்ணி எழுதியிருக்க மாட்டார். ஆனால் தவ்ஹீதைப் பற்றி இருபது ஆண்டுகளாகப் பேசிவரும் எனக்கு, பிம்பத்துக்கு அடிமையாவது எப்படி இருக்கும் என்பதை அந்த அத்தியாயம் உணர்த்தியது.

நடை சில இடங்களில் அவசரமாக ஓடுகிறது. பெண் பாத்திரங்களை அவர் வர்ணிக்கும் விதம் எனக்கு உவப்பானதன்று. அந்தப் பக்கங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப் பெற்றோர் தயங்கினால் அதில் நியாயம் உண்டு. அதற்காக அறிவியல் கதை என்ற வகையையே ஒதுக்கிவிட முடியாது.

சுஜாதா நமக்கு அந்நியரும் அல்லர். காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அங்கேதான் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். தெப்பக்குளத்தை ஒட்டியுள்ள செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அதே கல்லூரிக்கு 1950இல் இராமேஸ்வரத்திலிருந்து வந்து சேர்ந்தவர் அப்துல் கலாம். 1999இல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' நூலில், விடுதி அறையைத் தம்மோடு பகிர்ந்துகொண்ட இருவரைப் பற்றிச் சொல்கிறார்: ஒருவர் ஆசாரம் மிக்க ஸ்ரீரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். நான் படித்த வாழ்க்கை வரலாறுகளில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களுள் அது ஒன்று. ஏவுகணைகளைப் பற்றிய பிற்பகுதியை, உண்மையைச் சொன்னால், வேகமாகத் தள்ளிவிட்டேன். எரிபொருள் கணக்கெல்லாம் எனக்கு ஏறவில்லை.

கதை என்பதே பொய்தானே, பொய் ஹராம் அல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெற்றவர் என்னிடமே கேட்டார். நமது அரபிக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் 'மகாமாத் அல்ஹரீரி' என்ன? அதில் வேடமிட்டு ஊர் ஊராகப் பேசி ஏமாற்றும் அபூ ஸைத், ஹரீரி (ரஹ்) கற்பனையில் படைத்த பாத்திரமல்லவா? 'கலீலா வ திம்னா'வில் நரிகள் பேசுகின்றன. அதுவும் நம் நாட்டுப் பஞ்சதந்திரத்திலிருந்து பாரசீகம் வழியாக அரபிக்குச் சென்ற நூல். ஆயிஷா (ரலி) அவர்கள் பதினொரு பெண்கள் தம் கணவர்களைப் பற்றிப் பேசிக்கொண்ட நீண்ட கதையைச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் பொறுமையாகக் கேட்டிருந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கதை சொல்பவர் கதை என்று சொல்லியே தொடங்குகிறார். கேட்பவருக்கும் அது தெரியும். அங்கே ஏமாற்றப்படுபவர் யாருமில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்த இப்னு துஃபைல் எழுதிய 'ஹய் இப்னு யக்ளான்' ஒரு தீவில் மானால் வளர்க்கப்பட்ட குழந்தையின் கதை. அது வளர்ந்து, இறந்துபோன மானின் உடலை ஆராய்ந்து, வானத்தைப் பார்த்து, யாரும் சொல்லித் தராமலேயே படைத்தவனை நோக்கி வருகிறது. அந்தத் தீவை இந்தியாவின் தீவுகளுள் ஒன்று என்று வைத்திருப்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. வங்கத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன் 1905இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' முதலில் வெளிவந்ததோ நமது சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழில். சூரிய வெப்பத்தால் சமையல், மேகத்திலிருந்து நீர், வானில் பறக்கும் வாகனம்; ஆண்களெல்லாம் வீட்டுக்குள், பெண்கள் வெளியே! அந்தத் தலைகீழ் ஏற்பாடு எனக்கு உடன்பாடன்று. என் மகள் படித்துவிட்டு, "அத்தா, இவங்க கோபம் நியாயந்தானே?" என்றாள். கோபம் நியாயமானதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

மாயாஜாலக் கதைகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. சிறுவயதில் அம்புலிமாமாவின் வேதாளத்தை விரும்பிப் படித்தவன்தான். இப்போது எதற்கும் மந்திரம் ஒன்று கைவசம் இருக்கிறதென்றால் கதைமாந்தர் படும் துன்பத்தில் எனக்கு அக்கறை பிறப்பதில்லை. இது ரசனையே தவிர ஃபத்வா அல்ல. சிஹ்ர் செய்வது பெரும்பாவம் என்பதில் இரு கருத்தில்லை. பறக்கும் கம்பளத்தைப் பற்றிப் படித்த பிள்ளை சூனியக்காரனாகிவிடுவான் என்று அஞ்சுவது வேறு.

நான் அஞ்சுவது உண்மை என்ற பெயரில் வருபவற்றைத்தான். அந்த இரவுக்குப் பின் ஆம்ஸ்ட்ராங் செய்தியைத் தேடிப் பார்த்தேன். அவரே பலமுறை மறுத்திருக்கிறார். முஸ்லிம் நாடுகளிலிருந்து கேள்விகள் குவிந்ததால் அமெரிக்க வெளியுறவுத் துறை 1983இலேயே தன் தூதரகங்களுக்கு மறுப்பு அனுப்பியிருக்கிறது. 2012இல் அவர் மரணித்தார். கதை இன்னும் வாட்ஸ்அப்பில் உயிரோடு இருக்கிறது. குர்ஆனின் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் அறிவியல் கண்டுபிடிப்பைப் பொருத்தும் நூல்கள் சிலவும் இதே போக்கில் செல்கின்றன. நாளை அந்தக் கோட்பாடு மாறினால் வசனத்தை என்ன செய்வார்கள்? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தில் இருக்கிறது. அதை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான்.

பத்து நாட்கள் தயங்கினேன். பிள்ளைகள் முன் ஓர் உஸ்தாத் தவறை ஒப்புக்கொண்டால் மதிப்பு என்னாகும் என்ற எண்ணம்தான். பிறகு ஒரு சனிக்கிழமை, பாடம் தொடங்குமுன், நான் சொன்ன செய்தி பொய்யானது, கேள்வி கேட்ட தம்பி சொன்னதே சரி என்று கூறி, எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்தையும் திருப்பித் தந்தேன். அவன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

"இத உங்களுக்கு யாரு சொன்னா, ஹஜ்ரத்?"

"எங்க ஹஜ்ரத் சொன்னாங்க."

"அவங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த வாரமே ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி, நடைபாதைக் கடையொன்றில் 'மீண்டும் ஜீனோ' பழைய பிரதியை வாங்கி வந்தேன். அவனுக்கென்று வாங்கியதுதான். முதலில் நான் படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.