செல்போன் மேஸ்திரி

நூறு நாள் வேலை 2006-ல் முதலில் வந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. காடாம்புலியூர்ப் பக்கம் ஏரியிலும் வாய்க்காலிலும் மண் வெட்டிய தாய்மார்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மேஸ்திரி வந்து சேர்ந்தான். அவன் பெயர் செல்போன்! நாளுக்கு இருமுறை படம். சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் கூலிக்கே ஆபத்து. கள்ள வருகை ஒழியுமென்றார்கள். ஒழிந்ததா? படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது.

நாம் கருவிக்கு எதிரியல்ல. உழைப்பவரைச் சந்தேகிப்பதே அலுவலக வழக்கமாயிருக்கையில், கருவியும் காவலுக்குத்தான் நிற்கும். படம் நொடியில் தில்லி போகிறது. 15 நாளில் வரவேண்டிய கூலி எங்கே என்று அதே செயலியில் கேட்க முடியுமா? 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டமும் கண்காணிப்பையே பேசுகிறது. படம் ஏறாத நாளுக்குப் பொறுப்பாளரின் ஏட்டையே சாட்சியாக ஏற்க வேண்டும். வருகையும் அளவும் அன்றைக்கே பணித்தளத்தில் படித்துக் காட்டப்பட வேண்டும் என்று கோருகிறோம்.